கைபேசிக் கணக்கில் சம்மதமின்றிப் பிடிக்கப்படும் கட்டணங்கள் குறித்து விசாரணை கோரும் மனு

அனுப்புநர்:
மனுதாரர்,
திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், தஞ்சாவூர்.

பொருள்: கைபேசி இருப்பிலிருந்து மதிப்புக் கூட்டுச் சேவைகளுக்குப் பணம் பிடித்தல் – நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 16-இன்படி விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பகுதியில் பெரும்பாலோர் வைத்திருப்பது முன்கட்டண சிம். மாதாந்திர பில் வருவதில்லை என்பதால், எதற்காக எவ்வளவு பிடித்தார்கள் என்று சரிபார்க்க அவர்களிடம் எந்தத் தாளும் இல்லை. விளையாட்டு, ஜோதிடம், கிரிக்கெட் ஸ்கோர், காலர் ட்யூன் போன்ற மதிப்புக் கூட்டுச் சேவைகளை விற்கும் நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தைக் கைபேசி இருப்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. நடவு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர், பேசி முடித்ததும் திரையை மறைத்து நின்ற ஆங்கிலச் செய்தியை அகற்றுவதற்காக ‘ஓகே’ பொத்தானை அழுத்தியிருக்கிறார். அதுவே சந்தாவுக்கான சம்மதமாகக் கொள்ளப்பட்டுவிட்டது. அதன்பின் ஒவ்வொரு முறை டாப்-அப் செய்தபோதும் ஒரு பகுதி காணாமல் போக, ரீசார்ஜ் கடைக்காரர்தான் பணத்தை எடுத்துவிட்டார் என்று அவரோடு சண்டையே நடந்தது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கியில் ஏறிவிட்டதா என்று பார்க்க, வரும் குறுஞ்செய்தியையெல்லாம் திறக்கும் விவசாயிகளும் இவ்வாறே சிக்கிக்கொள்கிறார்கள்.

கைபேசி இருப்பிலிருந்து கட்டணம் செலுத்தும் முறையையே தடை செய்ய வேண்டும் என்பது எங்கள் எண்ணமன்று. வங்கி அட்டை இல்லாதவர்களுக்கு இது உண்மையிலேயே பயன்படுகிறது. சம்மதம் பெற்றுத் தொழில் செய்யும் நிறுவனங்களுக்கும் இந்த முறைகேட்டால்தான் பெயர் கெடுகிறது. ஆனால் சேவையை நடத்துவது ஒரு நிறுவனம், இடையில் நின்று இணைப்பது இன்னொன்று, பணத்தைப் பிடிப்பது தொலைத்தொடர்பு நிறுவனம் என்றிருப்பதால், புகார் சொன்னால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டி விடுகிறார்கள்.

விதிகள் இல்லாமல் இல்லை. மதிப்புக் கூட்டுச் சேவை எதையும் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் இருமுறை உறுதி பெற வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2013 ஜூலையிலேயே உத்தரவிட்டது. 155223 என்ற எண்ணுக்கு ‘ஸ்டாப்’ என்று அனுப்பிச் சேவையை நிறுத்த முடியும் என்பதை எங்கள் ஊரில் அறிந்தவர்கள் மிகக் குறைவு. எளிதில் வெளியேற முடியாத சந்தாப் பொறியை, 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தடை செய்துள்ளன. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீதான புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்திவிட்டது. ஆயினும், சில பத்து ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் தஞ்சாவூருக்கு வந்து வழக்குப் போடுவார்கள்? ஒருவரிடம் பிடிப்பது சிறு தொகையாக இருக்கும்வரை கேள்வி வராது என்ற துணிவில்தான் இது தொடர்கிறது.

தனியொருவரால் இயலாத இந்த இடத்தில்தான் தங்களுடைய அதிகாரம் தேவைப்படுகிறது. நுகர்வோர் என்ற வகுப்பினர் முழுவதற்கும் ஏற்படும் உரிமை மீறலை விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பும் அதிகாரத்தைப் பிரிவு 16 மாவட்ட ஆட்சியருக்கு அளித்துள்ளது. ஆகவே, பாதிக்கப்பட்டவர்களின் புகார்களை வட்டவாரியாகத் திரட்டி விசாரித்து, அவ்வறிக்கையில், பிடித்த பணத்தைத் திருப்பித் தரவும், கட்டணமும் கால அளவும் தமிழில் தெரிவிக்கப்பட்ட பிறகே சம்மதம் கேட்கவும் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் தலைமை வகிக்கும் மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். 155223, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி நியாயவிலைக் கடைகளிலும், நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிலும், இ-சேவை மையங்களிலும் வைக்க உத்தரவிட வேண்டும். இதற்குச் செலவு அதிகம் ஆகாது. சம்பா அறுவடைப் பணம் கைக்கு வரும் முன் செய்தால் பலருக்கு உதவும்.

பணம் பிடிக்கப்பட்ட குறுஞ்செய்திகளின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளோம். விசாரணைக்கு அழைத்தால் பாதிக்கப்பட்டவர்களை நேரில் அழைத்து வரத் தயாராக உள்ளோம்.

இடம்: திருவையாறு

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
(பாதிக்கப்பட்ட நுகர்வோர் சார்பாக)