பாதி நித்திரை

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. வேலை விஷயமாக வெளியூர் போனால் ஹோட்டலில் முதல் இரவு கண் மூடுவதே இல்லை என்று புலம்பியிருந்தாய். வாசித்துவிட்டுச் சிரித்தேன். எனக்கும் இங்கே அதே கதைதான். டவுன் வீட்டை விட்டு உப்புவெளிக்கு வந்துவிட்டோம். வந்த அன்றைக்கு விடிய விடிய அரைநித்திரை. அலைச் சத்தம் பிறந்ததிலிருந்து கேட்டது, அது ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுத் தகரக் கேட் காற்றுக்குக் கிறீச்சிடும்போதெல்லாம் எழும்பி உட்கார்ந்தேன். "உங்களுக்கு வயது போகுது" என்றாள் மனைவி.

வயதுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று காட்ட வேண்டுமே, தேடி வாசித்தேன். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்துக்காரர் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். புது இடத்தில் படுத்த முதல் இரவில், ஆழ்ந்த நித்திரையிலும் மூளையின் இடது பாதியில் ஒரு பகுதி வலது பாதி அளவுக்கு அயரவில்லை. வலது காதில் கேட்பது பெரும்பாலும் இடது மூளைக்குத்தான் போகும். அந்தக் காதில் வித்தியாசமான ஒரு சின்னச் சத்தம் கேட்டால் கெதியாக விழித்துக்கொண்டார்கள். ஒரு கிழமை கழித்து அதே இடத்தில் படுக்க வைத்தபோது அந்த வித்தியாசம் இல்லை. எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு விறாந்தை லைட்டை மட்டும் எரியவிடுவோமே, அந்த மாதிரி.

நம்முடைய கடலில் துள்ளுகிற டொல்பின்களுக்கு இது வாழ்நாள் பழக்கம். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், அதனால் மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கும். பெரும்பாலும் ஒரு கண்ணும் திறந்திருக்கும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் கதை வேறு. சிலி நாட்டுக் கடலில் ஒரு கூட்டம் தண்ணீருக்குள் செங்குத்தாகத் தொங்கியபடி கிடந்ததாம். இயந்திரத்தை நிறுத்திய படகு அவற்றுக்கு நடுவே மிதந்து வந்தும் தெரியவில்லை, தட்டுப்பட்ட பிறகுதான் எழும்பினவாம். 2008இல் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய உடம்பு, யாருக்குப் பயப்பட வேண்டும்!

இதையெல்லாம் வாசிக்கும்போது 1990தான் ஞாபகம் வந்தது. இடம்பெயர்ந்து அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தோமே, பாய்க்குப் பாய் இடைவெளி இல்லாமல். இரவு முழுக்க இருமல், குழந்தைகளின் அழுகை, கிழவர்களின் முனகல். தூரத்து ஷெல் சத்தம்கூட நாலைந்து நாளில் பழகிவிட்டது. உன் அம்மா அத்தனைக்கும் அசையமாட்டார். ஆனால் உன் தம்பிக்கு இழுப்பு வந்து மூச்சு இலேசாக மாறினால் போதும், அந்த இருட்டிலேயே எழும்பி அவனை நிமிர்த்தி உட்கார வைத்துவிடுவார். பக்கத்தில் படுத்திருந்த நமக்கு ஒன்றும் கேட்டிராது.

அப்போது தாய்ப்பாசம் என்று சொல்லி விட்டுவிட்டோம். பாசம்தான், சரி. ஆனால் அந்தப் பாசம் வேலை செய்ய உள்ளே ஒரு ஏற்பாடு வேண்டுமே. தூங்குகிறவர்களுக்குப் பல பெயர்களைக் கேட்க வைத்து 1960இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். மற்றப் பெயர்களைவிடத் தங்கள் சொந்தப் பெயருக்கு அவர்களின் மூளை அதிகம் அசைந்தது. எது தனக்கு வேண்டியது, எதைத் தள்ளலாம் என்று நித்திரைக்குள்ளே இருந்து ஒருவர் பிரித்துக்கொண்டிருக்கிறார். அவரை 'நான்' என்று சொல்லலாமா? காலையில் கேட்டால் எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. சைவ சமய வகுப்பில் நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று உயிரின் ஐந்து அவத்தையை, அதாவது ஐந்து நிலைகளைப் பாடமாக்கினோமே, இந்தக் காவல்காரரை எதில் சேர்ப்பது என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

கேட் பழகிவிட்டது. நாலாம் நாள் இரவு ஒரு பாட்டம் மழையே பெய்ததாம், காலையில் முற்றம் நனைந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். தம்பியும் அந்த வீட்டில்தானே இருக்கிறான், அவன் இரவில் இருமினால் இப்போதும் எழும்புகிறாரா என்று ஒருக்கால் கேட்டு எழுது.

உன்,
மச்சான்