வீட்டு அனுமதியும் பழைய பட்டாவும்

ஐயா,

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் உடனடியாக அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது வரவேற்கத்தக்கதே. ஆனால், காலஞ்சென்ற தந்தையாரின் பெயரிலேயே பட்டா நிற்கும் பழைய வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்ப முனைந்த என்னிடம் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், மனை வரன்முறை ஆணை (அங்கீகாரமற்ற மனையை முறைப்படுத்தும் ஆணை) என ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்பட்டதில் எட்டு மாதங்கள் கழிந்தன. அதற்குள் கொத்தனார் வேறு வேலைக்குப் போய்விட்டது தனிக்கதை. அனுமதி நொடியில் கிடைக்கலாம், அதற்கு வேண்டிய தாள்கள் அப்படிக் கிடைப்பதில்லை. தேவையான ஆவணங்கள் அனைத்தையும் முதல் நாளிலேயே எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும், பட்டா மாறுதலுக்கான விண்ணப்பத்தையும் கட்டட அனுமதி வழங்கும் அதே ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்கவும் அரசு ஆவன செய்ய வேண்டும்.

ஒரு வாசகர், கும்பகோணம்