உனக்கு ஒத்துவருமா என்று கேட்டாயே

கண்ணு,

ராணுவம் உனக்கு ஒத்துவருமா என்று அப்பாவிடம் கேட்டால் "அதெல்லாம் வரும்" என்று முடித்துவிடுவார். ராணுவத்தின் என்ஜினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்த மனுஷன். மகள் ஆபீசராகப் போகிறாள் என்றால் அவருக்கு வேறென்ன வேண்டும்? அதனால்தான் நான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில் மனோதத்துவப் பரீட்சையன்று ஒரு தாளைக் கொடுத்து, உன் பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எழுதச் சொல்வார்களாமே. ஆசிரியர்கள், நண்பர்கள், அப்புறம் நீயே உன்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றும் கேட்பார்கள். கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்ததை நிறையப் பேர் எழுதிவிட்டு வருவார்கள். உனக்கு முதல் கேள்விக்காவது நிஜமான பதில் கையில் இருக்கட்டும்.

நீ உழைப்பாளி, பயந்தவள் இல்லை. 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறாய், அது தேவையே இல்லை. தினம் விடியற்காலையில் ஓடினால் மூச்சு தானாகப் பழகிவிடும். என் யோசனை வேறு. நீ எந்த வேலையையும் தனியாகச் செய்கிறவள். மிக்ஸி நின்றுபோனால் ஸ்க்ரூடிரைவரோடு மூலையில் உட்கார்ந்துவிடுவாய், யாரையும் கிட்டே விடமாட்டாய். சரியாகவும் செய்துவிடுவாய். ஆனால் எஸ்.எஸ்.பி.யில் ஒரு பலகையும் கயிறும் மரக்கட்டையும் கொடுத்து, கோட்டுக்குள் கால் படாமல் எல்லாரும் அந்தப் பக்கம் போகவேண்டும் என்பார்கள். உனக்கு வழி தெரிந்து நீ மட்டும் தாண்டிப் போனால் அதற்கு மதிப்பே கிடையாது.

காலேஜில் என்.சி.சி. கேம்ப் முடிந்து வந்த அன்று நீ எப்படி இருந்தாய் என்று நினைத்துப் பார். வெயிலைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரோ ஒரு பெண் தட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று உங்கள் எல்லாரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்கள். "நான் செய்யாத தப்புக்கு நான் ஏம்மா ஓடணும்?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்.

பரங்கிமலை ஆபீசர் பயிற்சி அகாடமியில் 49 வாரம் அதுதான் நடக்கும். அப்பா அதை ரகடா என்பார். ஒருத்தி ஷூவுக்குப் பாலிஷ் போடவில்லையென்றால் பிளட்டூனே உருளும். அநியாயம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் தோளில் நட்சத்திரம் வைத்த பிறகு உன் கீழே இருக்கும் முப்பது பேரில் யார் தப்பு செய்தாலும் அது உன் தப்புதான். அங்கே போய் "நான் செய்யலையே" என்று நிற்க முடியாது. இதை மனசார ஏற்றுக்கொள்ள முடியுமா என்று நீதான் சொல்லவேண்டும். பாசிங் அவுட் பரேட் ரீல்ஸ் பார்த்து இதற்குப் பதில் கிடைக்காது. அதில் வருவது கடைசி நாள் மட்டும்.

அடுத்தது, உன் நாள் உன் கையில் இருக்காது. 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு படையெல்லாம் எல்லைக்குப் போனது உனக்குத் தெரியும். கண்ணிவெடி புதைப்பது சாப்பர்ஸ் வேலை. பிறகு அதைத் தோண்டி எடுப்பதும் அவர்கள் வேலைதான். நீ பிறந்த செய்தியை நான் இன்லேண்டு லெட்டரில் எழுதினேன். முகவரியில் ஊர்ப் பெயர் கிடையாது, யூனிட் பெயரும் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் ஆபீசும்தான். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பா உன்னைப் பார்க்க வந்தபோது நீ குப்புற விழ ஆரம்பித்திருந்தாய். இப்போது வீடியோ கால் இருக்கிறது என்பாய். சிக்னல் இல்லாத போஸ்டிங்கும் இருக்கிறது. உன் ஆபீசில் மேனேஜர் ஒரு சனிக்கிழமை வரச் சொன்னதற்கே நீ பேசிய பேச்சு இருக்கிறதே!

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஷார்ட் சர்வீஸ் என்ற குறுகிய கால வேலை 10 வருஷம், விரும்பினால் இன்னும் 4 வருஷம் நீட்டிக்கலாம். 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த பிறகு பெண்களுக்கும் பெர்மனென்ட் கமிஷன் (ஓய்வு வயசுவரை வேலை) வழி இருக்கிறது, ஆனால் எல்லாருக்கும் கிடைத்துவிடாது. கிடைக்காவிட்டால் முப்பத்தைந்து வயசில் பென்ஷன் இல்லாமல் வெளியே வருவாய், வேறு வேலை தேடவேண்டும். பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது (அத்தையிடம் இதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு நிம்மதி!). பாதியில் நீயாக விட்டுவிட்டு வந்தால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அதனால் யோசிப்பதையெல்லாம் உள்ளே போவதற்கு முன்னால் யோசி.

பெண் என்பதற்காக நான் தயங்குகிறேன் என்று நினைத்துவிடாதே. 1992-லிருந்து பரங்கிமலையில் பெண்கள் பயிற்சி எடுக்கிறார்கள், 2023-ல் பீரங்கிப் படைக்கே போய்விட்டார்கள். காலாட்படையும் டாங்கிப் படையும்தான் இன்னும் பாக்கி.

என்னைக் கேட்டால், நீ போனால் தாக்குப்பிடிப்பாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உனக்குப் பிடிக்குமா என்பதில்தான் சந்தேகம். பல்லைக் கடித்துக்கொண்டு 10 வருஷம் ஓட்டுவதற்கு, பிடித்த வேலையில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மலையேறப் போகலாம்.

ஆனாலும் விண்ணப்பம் போடு. உனக்கு சி சர்டிபிகேட் இருப்பதால் என்.சி.சி. வழியில் எழுத்துத் தேர்வு கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி.தான். வேலையை மட்டும் இப்போதே விட்டுவிடாதே, ஐந்து நாள் லீவு எடுத்தால் போதும். மார்பில் நம்பர் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத பெண்களோடு ஒரே அறையில் தங்கி, ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டு வா. அங்கே இருந்தது உனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று முதலில் என்னிடம் சொல். செலக்ட் ஆனாயா இல்லையா என்பதை அப்பாவிடம் சொல்லிக்கொள், அவர் போன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பார்.

அம்மா