லீனியர் வாங்காதே, மாப்பிள்ளை

கும்பகோணம்
செப்டம்பர் 14

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போட நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மழை பிடிப்பதற்குள் தென்னையில் கட்டியிருந்த நைலான் கயிற்றை மாற்றிவிட வேண்டும் என்று அதிலேயே இருந்துவிட்டேன். இரண்டு வருஷ வெயிலில் தொட்டால் பொடியாக உதிர்கிறது. வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ள வேண்டியதுதானே என்கிறான் பேரன். தந்தி ஆபீசில் முப்பது வருஷம் அடுத்தவர்களின் செய்தியை வார்த்தைக்குக் காசு வாங்கி அனுப்பியவர்கள் நாம். காசில்லாமல் அனுப்பும்போதாவது நீளமாக எழுதலாம் என்று சொல்லிவைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருஷம் பரணில் கிடந்த ஹாம் ரேடியோ ரிக்கை இறக்கித் துடைத்து, மூன்று ராத்திரி 40 மீட்டர் பேண்டில் ‘சிக்யூ, யாராவது இருக்கிறீர்களா’ என்று தொண்டை வறளக் கூப்பிட்டும் ஒருவரும் திரும்பவில்லை என்று எழுதியிருந்தாய். அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று சொல்கிற எஸ்டபிள்யூஆர் 1.1தான் காட்டுகிறது, ஆன்டெனாவில் குறையே இல்லை, வாட்தான் பற்றவில்லை, அதனால் சக்தியைக் கூட்ட 400 வாட் லீனியர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் காசைப் பேங்கிலேயே வைத்திரு. 100 வாட்டை 400 ஆக்கினால் கிடைப்பது 6 டெசிபல். எதிர்ப்பக்கத்து ஆளின் ரிக்கில் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் ஊசி ஒரே ஒரு கோடு நகரும். அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் கொடுப்பதைத் தங்கச்சி ஒத்துக்கொண்டாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உனக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பது உறுதியா? சொன்னது உன் காதில் விழாமல் போயிருக்கலாம் இல்லையா? யாரும் பேசாதபோதே ஊசி எஸ்8இல் நிற்கிறது என்று நீயே ஓரிடத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். உன் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

எனக்கும் போன வருஷம் இதே கதை. சாயங்காலம் ஆறு மணி ஆனதும் 40 மீட்டர் முழுக்க ஒரே ரீங்காரம், எஸ்8. எதிர் வீட்டு சோலாரைச் சந்தேகப்பட்டேன், தெருமுனை டிரான்ஸ்பார்மரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டிவிட்டு வீட்டு மெயினையே அணைத்தேன். சத்தம் அடியோடு நின்றது. அப்புறம் எம்சிபியை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தால், பூஜை அறை. உன் தங்கச்சி ஆறு மணிக்கு விளக்கேற்றும்போது கூடவே போடுகிற எல்ஈடி சரவிளக்கு! அதைக் கழற்றிவிட்டுப் பழைய ஜீரோ வாட் பல்பைப் போட்டேன். ஊசி எஸ்3க்கு இறங்கிவிட்டது. மீட்டர் கணக்குப்படி அது 30 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு. எனக்குக் கேட்கிற அளவில் பார்த்தால் 100 வாட்காரன் ஒரு லட்சம் வாட்டுக்குப் போன மாதிரி. செலவு ஒரு பல்பு. "சாமி விளக்கையும் விட்டுவைக்கலையா?" என்று இரண்டு நாள் பேச்சு வாங்கியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உன் வீட்டிலும் இதைச் செய். இன்வர்ட்டர் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர், ரவுட்டர் அடாப்டர், மலிவு எல்ஈடி பல்பு, இவைதான் வழக்கமான குற்றவாளிகள். உன் டைபோல் கம்பி ஆன்டெனாவின் நடுவில், கோஆக்ஸ் கேபிள் சேருகிற இடத்தில், பாலன் போட்டிருக்கிறாயா என்று எழுதவில்லையே? போடாவிட்டால் கோஆக்ஸின் வெளிப்பின்னலே ஓர் ஆன்டெனா மாதிரி வீட்டுக்குள் இருக்கிற இரைச்சலை எல்லாம் சுமந்துகொண்டு வரும். பெரிய ஃபெரைட் வளையம் ஒன்று வாங்கிக் கோஆக்ஸை அதில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் போதும், அதுதான் பாலன்.

அடுத்தது, நீ பெருமையாகச் சொன்ன 1.1. பேண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 1.1 என்கிறாய். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஆளுயரத்தில் தொங்குகிற டைபோல் அப்படித் தோசைக்கல் மாதிரித் தட்டையாகக் காட்டாது. அலையை வெளியே விடாமல் தானே விழுங்குகிற டம்மி லோடுதான் அப்படிக் காட்டும். உன் கோஆக்ஸ் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய அதே ஆர்ஜி-58, முப்பது மீட்டர். அதற்குள் எத்தனை மழை போயிருக்கும்! போகிற அலையைக் கோஆக்ஸே விழுங்கிவிட்டால் திரும்பி வர ஒன்றும் இருக்காது, மீட்டர் 1.1தான் காட்டும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ரிக்கால் செய்யாதே, ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்க நேனோ விஎன்ஏ என்று சின்னப் பெட்டி ஒன்று சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது, அதை வாங்கு. மாடிக்குப் போய் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கோஆக்ஸின் அந்த முனையை வெறுமனே விட்டுவை. கீழே வந்து எஸ்டபிள்யூஆர் பார். நல்ல கோஆக்ஸ் என்றால் அளவு எங்கேயோ உச்சத்தில் நிற்க வேண்டும், போன அலை முழுக்கத் திரும்பி வரும் இல்லையா? 3 காட்டினால் போகும் வழியிலேயே பாதி சக்தி போய்விட்டது என்று அர்த்தம். அதற்கும் கீழே காட்டினால் அந்தக் கோஆக்ஸ் இனிமேல் துணி காயப்போடத்தான் ஆகும். புதிது மாற்றும்போது இணைப்புகளை நன்றாகச் சுற்றி மூடு, வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு தொங்கல் விட்டு நுழை, தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

கம்பிக்கு ஆகிற உயரம்தான் காசு போட வேண்டிய இடம். 40 மீட்டர் பேண்டுக்கான டைபோல் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அது கால் அலைநீளம். சக்தியில் பெரும்பங்கு நேரே வானத்துக்குப் போய்த் திரும்பும். சென்னை, பெங்களூரு, கொழும்பு என்று அரட்டை அடிக்க அது அருமை, ஐரோப்பாவுக்கு ஆகாது. அதே 10 மீட்டர் உயரம் 20 மீட்டர் பேண்டில் அரை அலை, சுமார் 30 டிகிரி சாய்வில் கிளம்பும். 10 மீட்டர் பேண்டிலோ முழு அலை, 15 டிகிரியில் அடிவானத்தை ஒட்டிப் பாயும். அந்த டைபோலுக்கு ஆகிற கம்பி மொத்தம் 5 மீட்டர், ஒரு புடவை நீளம்கூட இல்லை. உன் மாடியே தரையிலிருந்து 7 மீட்டர் இருக்கும், மேலே 4 மீட்டர் பைப் ஒன்றை நட்டால் முடிந்தது. இருக்கிற இடத்துக்குத் தகுந்த பேண்டை எடு. ஈபி லைன் பக்கம் மட்டும் போகாதே. பைப் சாய்ந்தாலும் கம்பி அறுந்தாலும் லைனைத் தொட முடியாத தூரம் வேண்டும்.

மதுரையிலிருந்து ஐரோப்பா வடமேற்கில். கம்பியை வடகிழக்கு–தென்மேற்காகக் கட்டினால் அதன் அகலப் பக்கம் ஐரோப்பாவைப் பார்க்கும், முதுகுப் பக்கம் ஆஸ்திரேலியா இலவசம். ஜப்பான் முனைப் பக்கம் விழும், கொஞ்சம் மங்கும். பரவாயில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நீளத்துக்கு 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்துக்கொள் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அது வெற்றுக் கம்பிக்கு. நான் வயரிங் வேலையில் மிஞ்சிய பிளாஸ்டிக் உறை போட்ட ஒயரில் 7.1க்கு 20 மீட்டர் 14 சென்டிமீட்டர் வெட்டி ஏற்றினேன். விஎன்ஏவில் பார்த்தால் எஸ்டபிள்யூஆர் மிகக் குறைகிற பள்ளம் 6.85இல் கிடக்கிறது. உறை இருந்தால் கம்பி மின்சாரத்துக்குக் கொஞ்சம் நீளமாகத் தெரியும். இருக்கிற நீளத்தை 6.85ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தேன், 19.43 வந்தது. பக்கத்துக்கு 35 சென்டிமீட்டர் அதிகம். வெட்டாமல் முனையை மடித்து, கம்பியோடு சேர்த்து முறுக்கி விட்டேன். வெட்டிய ஒயர் வளராது, மடித்தது விரியும்.

மரத்துக்கு மேலே கயிறு போக உண்டிவில்தான். தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு கட்டிப் பேரன் அடிக்கிறான், மூன்றாவது அடியில் வேப்பமரத்தைத் தாண்டிவிட்டது. முதல் இரண்டும் எங்கே போயின என்று பக்கத்து வீட்டு ஓட்டைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது போட்டி. குறித்த நேரத்துக்குள் உலகம் முழுக்க எத்தனை பேரைப் பிடிக்கிறோம் என்கிற சிக்யூ வேர்ல்டு வைடு, பேச்சுக்கு அக்டோபர் கடைசி முழு வார இறுதி, மோர்ஸுக்கு நவம்பர். நம் நேரத்தில் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துத் திங்கள் காலை ஐந்தரை வரை, 48 மணி நேரம். உன்னைக் கலந்துகொள்ளச் சொல்வது ஜெயிக்க அல்ல. மூன்று ராத்திரி ஒருவர்கூடக் கிடைக்காத ஆளுக்கு உலகமே பேண்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு நாள் கிடைக்கிறதே என்றுதான். நம்மிடம் சரக்கும் இருக்கிறது. போட்டிக்காக உலகத்தை மண்டலங்களாகப் பிரித்ததில் நாம் இருப்பது 22ஆம் மண்டலம். இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு எல்லாம் சேர்ந்து ஒரே மண்டலம், அதில் போட்டிக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர். ஒவ்வொரு பேண்டிலும் மண்டலம் தனியாகப் பெருக்கத்துக்கு, அதாவது மொத்தப் புள்ளியைப் பெருக்குகிற எண்ணுக்கு, சேரும் என்பதால் பெரிய கோபுரக்காரனும் நம்மைத் தேடுவான். 59 22 என்று சிக்னல் மதிப்பையும் மண்டலத்தையும் சேர்த்துச் சொன்னால் அவன் குரல் மாறுவதை நீயே கேட்பாய்.

புள்ளி விவரம் இதுதான்: வேறு கண்டம் 3, அதே கண்டத்தில் வேறு நாடு 1, சொந்த நாட்டுக்குச் சுழியம். சென்னைக்காரனை ஒரு பேண்டில் ஒருமுறை பிடித்தால் பெருக்கத்துக்கு ஆகும், அதற்கு மேல் அவனோடு நலம் விசாரிப்பது திங்கட்கிழமை. ஜப்பானுக்கு 1, ஜெர்மனிக்கு 3. கம்பியை ஏன் அப்படித் திருப்பச் சொன்னேன் என்று இப்போது புரியும். காலையில் 10, 15 மீட்டரில் ஜப்பான், ஆஸ்திரேலியா. மதியத்துக்கு மேல் இருட்டும் வரை அதே பேண்டுகளில் ஐரோப்பா. இரவில் 20, பிறகு 40. அமெரிக்கா துருவத்தைச் சுற்றி வர வேண்டும், வந்தால் வரவில் வை.

முதல் நாள் சிக்யூ கூப்பிடாதே. பேண்டின் கீழிருந்து மேலே ஒவ்வொருவராகப் போய்ப் பதில் மட்டும் சொல். கூட்டம் மொய்க்கிற இடத்தில் நிற்காதே, குறித்து வைத்துக்கொண்டு நகர்ந்துவிடு. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் அதே ஆட்கள் புது ஆளுக்காகக் காத்திருப்பார்கள், முதல் அழைப்பிலேயே கிடைப்பார்கள். எதிராளியின் அடையாளக் குறியான கால்சைனில் சந்தேகம் இருந்தால் கேட்டுவிடு. தப்பாக எழுதினால் அந்தத் தொடர்பின் புள்ளி போவதோடு அதைப்போல் இரண்டு மடங்கை அபராதமாகவும் கழிப்பார்கள். போன வருஷம் 340 தொடர்பு போட்டேன்; அவசரத்தில் விட்ட பதினோரு பிழைக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்காதே.

இதில் நமக்கென்று ஒரு வில்லன் உண்டு. போட்டி சரியாக ஐப்பசி மழையில் வரும். போன வருஷம் சனிக்கிழமை ஐரோப்பா திறந்து மணிக்கு நாற்பது பேர் என்று ஓடிக்கொண்டிருந்தபோது மேற்கே மின்னல். மனசே இல்லாமல் கோஆக்ஸைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டேன். மூன்று மணி நேரம் போயிற்று. ரிக் இருக்கிறது. இடி கேட்ட பிறகு பிடுங்குவது தாமதம், பேண்டில் படபடப்பு கூடும்போதே எழுந்துவிடு.

நவம்பர் போட்டி உனக்காகவே வைத்த மாதிரி. உன் கை இன்னும் மறந்திருக்காது. காது மட்டும் ஒரு வாரம் மக்கர் பண்ணும். ஆபீசில் நாம் கேட்டது தந்திக் கருவி சவுண்டரின் கட்டுக் கட்டு, இரண்டு தட்டலுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிதான் புள்ளியா கோடா என்று சொல்லும். இங்கே நீண்டும் குறுகியும் வரும் விசில். எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை, ஒரு நாள் திடீரென்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. அப்புறம் மோர்ஸில் சிக்னல் மதிப்பான 599க்கு 5என்என் என்று அடிப்பார்கள், திகைக்காதே. நீளமான 9க்குப் பதில் குட்டியான N எழுத்து. கல்யாண வாழ்த்தை முழுசாக அடிக்காமல் எண்ணை மட்டும் அடித்து அனுப்பினவனுக்கு இது பெரிய வித்தையா?

2004 டிசம்பர் நினைவிருக்கிறதா? பாரதி பிரசாத் குழு போர்ட் பிளேரிலிருந்து வியூ4ஆர்பிஐ என்ற கால்சைனில் வந்தபோது உலகமே அவர்கள் மேல் விழுந்தது. நீ இரண்டு நாள் கூப்பிடாமல் கேட்டுக்கொண்டே இருந்து, அவர்கள் கடைசியாகப் பதில் சொன்ன இடத்தை ஒட்டி ஒரே ஒருமுறை கூப்பிட்டுப் பிடித்தாய். சில வாரத்தில் சுனாமி வந்து, அதே நிலையம் உறவுகளுக்குத் தகவல் சொல்லும் நிலையமாக மாறியதைச் சேர்ந்துதான் கேட்டோம். அன்றைக்கு உன்னிடம் 100 வாட்டும் ஒரு கம்பியும்தான்.

சூரியக் கறைகளின் இப்போதைய சுழற்சி 2024இல் உச்சத்துக்கு வந்துவிட்டது, இனி இறக்கம். 10 மீட்டர் இப்படித் திறப்பது இன்னும் சில வருஷம்தான். அடுத்த உச்சத்துக்கு நமக்கு எழுபத்தெட்டு ஆகும்.

இங்கே மற்றபடி சௌக்கியம். கண் ஆபரேஷன் ஆகி டயல் எழுத்து தெரிகிறது. பேரனுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது, லைசென்ஸ் பரீட்சைக்கு உட்கார வைக்கலாம் என்றிருக்கிறேன். விதிகளைக் கேட்டால் கொட்டாவி விடுகிறான், உண்டிவில் என்றால் ஓடி வருகிறான். தங்கச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறது? எழுது.

கோஆக்ஸ் சோதனையில் என்ன வந்தது என்று எண்ணோடு எழுது. 3க்கு மேல் இருந்தால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். புதன்கிழமை ராத்திரி எட்டரைக்கு 7.080இல் இருப்பேன். முதலில் மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் கேள்.

73 (நல்வாழ்த்துகள்)
உன் மாப்பிள்ளை