ஐஸ் கம்பெனி அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

தங்கச்சிமடத்து உறவுகளுக்கு வணக்கம். வீணைப் பாட்டின் ஒலிப்பதிவு நேற்று முழுசாக முடிந்துவிட்டது. நடுவில் ஐஸ் கம்பெனி மெஷின் முனகல் பதிவில் விழுந்து நாங்கள் பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுத மனசு வரவில்லை.

முதல் நன்றி ஐஸ் கம்பெனி ராத்திரி ஷிப்ட் அண்ணனுக்கு.

ராகம் புன்னாகவராளி. மேல் ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வைத் தொடாத ராகம். எங்கள் பாட்டின் கனம் பூராவும் கீழ்த் தந்திகளில். 3 கட்டை சுருதிக்கு மந்தரத் தந்தி (கீழ் 'ஸ') ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வு. அதில் காந்தாரம் ('க' ஸ்வரம்) 98. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஐஸ் கம்பெனி மோட்டார் முனகல் அதற்கு இரட்டிப்பாக 100-ல் வந்து உட்காரும். இரண்டும் சேர்ந்தால் காந்தாரம் நொடிக்கு இரண்டு தரம் அலைபாயும். கேட்பவருக்குச் சுருதி சேராத மாதிரியே இருக்கும். ஃபில்டர் போட்டு 100-ஐ வெட்டினால் காந்தாரத்தின் அடிநாதமும் கூடவே போய்விடும். மெத்தையும் சாக்கும் கட்டினால் காற்றுச் சத்தம் அடங்கும், முனகல் அடங்காது. அது சுவர் வழியாக வருவது.

ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்குகிற வாரம். ஐஸுக்கு வரிசை நிற்கும்போது நிறுத்தச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அண்ணன்தான் முதலாளிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, "கேனெல்லாம் உப்புத்தண்ணிக்குள்ள கெடக்கு, முக்கா மணி நேரத்துல ஒண்ணும் உருகாது" என்று ராத்திரி 2 மணிக்கு ஐஸ் மெஷினின் கம்ப்ரசரை நிறுத்தினார். அதோடு விடவில்லை. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். "இன்னும் ஒண்ணு ஓடுதே, தம்பி." உப்புத்தண்ணியைக் கலக்கிவிடுகிற சின்ன மோட்டார். எங்கள் காதுக்கு அது தட்டவே இல்லை. போய் அதையும் நிறுத்தினார். வெளியானது அதற்கப்புறம் எடுத்த இரண்டாவது டேக்தான்.

வீணையின் மெழுகு இளகி அதில் பதித்த இரண்டு மெட்டு நகர்ந்தபோது உடனே வந்து மேளம் கட்டி, அதாவது மெட்டுகளைச் சுருதிக்குச் சரியாகப் பதித்துத் தந்த ஆசாரி, முதல் தந்தியான சாரணி துருப்பிடித்ததும் மதுரையிலிருந்து பஸ்ஸில் தந்தி கொடுத்தனுப்பிய மாணவி, நான்கு மெத்தை தந்த பக்கத்து வீட்டு அக்கா, அந்த முக்கால் மணி நேரம் ஐஸ் கேட்டு அவசரப்படுத்தாத படகுக்காரர்கள், எல்லோருக்கும் நன்றி.

அண்ணே, அடுத்த பதிவை மே மாதமே வைத்துக்கொள்கிறோம். படகெல்லாம் கரையில் இருக்கும்; உங்கள் மெஷினை நிறுத்த வேண்டியிராது. நீங்கள் கேட்க மட்டும் வாருங்கள்.