கூலியால் தரிசான நிலம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறைந்தபட்சக் கூலி உயர்வு பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், 'கூலி ஏறியதால்தான் டெல்டாவில் நிலங்கள் தரிசாகின்றன' என்று ஒரு வரி இருந்தது. கட்டுரையின் மற்ற பகுதிகளோடு எனக்குச் சண்டையில்லை. அந்த ஒரு வரிதான் மனதை அறுக்கிறது. டெல்டாவில் இத்தனை வாசகர்கள் உள்ள பத்திரிகையில், கணக்குப் பார்க்காமல் அது எப்படி அச்சேறியது?

ஒரு ஏக்கர் நடவுக்குப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும். தலைக்கு 50 ரூபாய் கூட்டினால் 600 ரூபாய். கண்டுமுதல், அதாவது விளைச்சல், 20 குவிண்டால் என்றால் குவிண்டாலுக்கு 30 ரூபாய். களை எடுக்கும் கூலியையும் சேர்த்து 60 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே 20 குவிண்டால், அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக 50 மூட்டை. மூட்டைக்கு 40 ரூபாய் கேட்கிற இடத்தில் ஏக்கருக்கு 2,000 ரூபாய், அதாவது குவிண்டாலுக்கு 100 ரூபாய் போகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நிறுத்திவைத்த நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்து, இரவு மழையில் அது முளைத்துப்போனால் வரும் நட்டம் தனி. மூட்டைக்கு 40 ரூபாய் ஏன் கேட்கிறீர்கள் என்றால், சுமை தூக்குபவர்களுக்குக் கூலி கட்டுபடியாகவில்லை என்கிறார்கள். கூலியில் குறைத்த தொகையை யாரோ ஒருவர் கட்டித்தான் ஆக வேண்டும். இங்கே அதைக் கட்டுவது விவசாயி.

கூலி ஏறும்போது நெல் விலை ஏன் கூடவே ஏறவில்லை என்பதைத்தான் கட்டுரை கேட்டிருக்க வேண்டும். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். உற்பத்திச் செலவு 1,579 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு அதை ஒன்றரை மடங்காக்கிய தொகை இது. அந்த 1,579 நாடு முழுவதற்குமான சராசரி. கூலி குறைந்த மாநிலமும் கூலி கூடிய மாநிலமும் அதில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பும் சொந்த நிலையான முதலுக்கான வட்டியும் அந்தச் செலவில் சேராது. மாநில அரசு 131 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்துத்தான் 2,500 ஆனது. விலையை அங்கே கட்டிப்போட்டுவிட்டு, இங்கே வரப்பில் நிற்கிற விவசாயியையும் கூலியாளையும் ஒருவரோடொருவர் மோதவிட்டால் எப்படி?

தரிசுக்குக் காரணம் தண்ணீர் நேரத்துக்கு வராததுதான். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. 2023-ல் திறந்த அணையை அக்டோபர் 10-லேயே மூடினார்கள். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். தண்ணீர் தாமதமானால் எல்லா ஊரிலும் ஒரே பதினைந்து நாளில் நாற்றுப் பறித்தாக வேண்டும். கூலி எகிறுவது அப்போதுதான். அந்த நெருக்கடிக் கூலியை எடுத்து, வருடம் முழுக்க அதே கூலி கிடைப்பதாகத் தங்கள் பத்திரிகை பலமுறை எழுதியிருக்கிறது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு அறுப்பு வேலையே போய்விட்டது. நடவும் களையும் முடிந்தால் பிறகு வேலை ஏது?

குறைந்த கூலியின் விளைவு வயலிலேயே தெரியும். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி, அந்தத் தொகையையும் இறுக்கிப் பிடித்தால், நடவு ஆட்கள் விரைவாக முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகத்தான் பார்ப்பார்கள். குறுகிய காலப் பயிரான குறுவைக்குச் சதுர மீட்டருக்கு 50 நாற்றுக் குத்தாவது வேண்டும். அவசர நடவில் அது முப்பது, முப்பத்தைந்துக்கு இறங்கிவிடும். நூற்றுப் பத்து நாள் பயிருக்குப் பக்கக் கிளை விட்டுத் தூர் கட்டி இடைவெளியை அடைக்க அவகாசம் கிடையாது. வெயில் விழுகிற இடத்தில் கோரை, குதிரைவாலிப் புல் போன்ற களைகள் கிளம்பும். நடவில் மிச்சம் பிடித்த பணம் களைக்கொல்லிக்குப் போய்விடும்.

கட்டுரையாளர் அமெரிக்க உதாரணம் காட்டியதால் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தினார்கள். துரித உணவுக் கடைகளைப் பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்ட பொருளாதார அறிஞர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் வேலை குறையவில்லை என்று கண்டார்கள். கார்டுக்கு 2021-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. ஆனால் உணவுக் கடைக்குப் பன்னிரண்டு மாதமும் வியாபாரம் உண்டு, வயலுக்கு இல்லை. இங்கே நாட்கூலியை வேலைநாட்களோடு பெருக்கிப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சட்டக் கூலியில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது. பல ஊர்களில் நடவுப் பெண்ணுக்குக் கிடைப்பது ஆண் கூலியில் பாதி. அணை திறக்கும்போதெல்லாம் நடவுப் பெண்களைப் படம் பிடித்து முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அவர்கள் கூலியைப் பற்றி ஒரு வரி வந்து நான் படித்ததில்லை. கூடுதல் கூலி கேட்டுப் போராடிய, இதே டெல்டாவின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த ஆண்டுதான் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அந்த மண்ணின் கூலியைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானம் வேண்டாமா ஐயா?

தங்களிடம் கேட்பது பெரிதல்ல. சந்தை நிலவரப் பகுதியில் நெல், உளுந்து விலைக்குக் கீழே வாரம் ஒரு முறை நான்கு வரி: வட்டாரவாரியாக ஆண், பெண் நாட்கூலி, ஏக்கருக்கு நடவு ஒப்பந்தத் தொகை, அறுவடை இயந்திர வாடகை, விவசாயத்துக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. தங்கள் பகுதி நேர நிருபர்கள் டீக்கடையிலேயே விசாரித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.