ஏசா என்ன தப்பு செய்தான்?

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேசினால் நான் நடுவில் வேறு எதற்காவது தாவிவிடுவேன், உனக்குத் தெரியும். "இரட்டையர் பிறக்கும் முன்னாலேயே கர்த்தர் தம்பி யாக்கோபைத் தெரிந்துகொண்டாராம், அண்ணன் ஏசாவைத் தள்ளிவிட்டாராம், இது என்ன நியாயம்?" என்றாய். பவுல் ரோமருக்கு எழுதின நிருபத்தின் 9-ம் அதிகாரத்தை வாசித்துவிட்டு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். "தேவனிடத்திலே அநீதி உண்டென்று சொல்லலாமா?" என்று பவுலே அங்கே எழுதுகிறார்.

"தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார்?" என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறதுதான். ஆனால் துக்கத்தில் கேட்கிறவர்களின் வாயை அடைக்க அந்த வசனத்தை எடுத்து வீசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. சோதோமுக்காக ஆபிரகாம், "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று கேட்டு, ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்துப் பத்து வரை பேரம் பேசினார். கர்த்தர் அதட்டவே இல்லை. யோபுக்குக் கண்டிப்பு கிடைத்தது, சரி. ஆனாலும் கடைசியில் கோபம் விழுந்தது, கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்கள்மேல்.

இப்போது ஏசா. "ஏசாவை வெறுத்தேன்" என்பதைப் பவுல் மல்கியாவிலிருந்து எடுக்கிறார். அங்கே பேச்சு ஏசாவின் வம்சமான ஏதோமைப் பற்றியது, அதுவும் பல நூற்றாண்டுகள் கழித்து. ஆதியாகமத்தில் அந்த மனிதன் எப்படி இருக்கிறான், பார். ஏமாற்றிவிட்டு ஓடிய தம்பி திரும்பி வரும்போது எதிர்கொண்டு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுகிறான். உன் முகத்தைப் பார்த்தது தேவனுடைய முகத்தைப் பார்த்ததுபோல இருக்கிறது என்கிறான் யாக்கோபு! சேயீர் மலையை ஏசாவுக்குக் கொடுத்திருக்கிறேன், அவன் தேசத்தில் ஒரு அடி நிலம்கூட உங்களுக்குத் தரமாட்டேன் என்று இஸ்ரவேலிடம் கர்த்தர் சொல்வது உபாகமத்தில் இருக்கிறது. வாக்குத்தத்தம் தம்பி வழியாகப் போனது. அண்ணன் தெருவில் விடப்படவில்லை.

அதனால் சிக்கல் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். 'அழிவுக்கு எத்தனமாக்கப்பட்ட' பாத்திரங்கள் என்று அடுத்து வருகிறதே. இஸ்ரவேலை விடமாட்டேன் என்ற எகிப்தின் ராஜா பார்வோன் விஷயமும் அப்படித்தான். முதலில் அவனே மனதைக் கடினப்படுத்தினான், ஆறாவது வாதைக்குப் பிறகே கர்த்தர் கடினப்படுத்தினார் என்பார்கள். நல்ல கவனிப்புதான். ஆனால் மோசே எகிப்துக்குத் திரும்பும் முன்னாலேயே, அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று சொல்லியாகிவிட்டது.

பெரியவர்களும் இதில் மோதியிருக்கிறார்கள். இரட்சிப்பில் முந்துவது தேவனுடைய கிருபையா மனிதனின் சுயாதீனமா என்று கத்தோலிக்கத் துறவிகளான தொமினிக்கர்களும் இயேசு சபையினரும் வருடக்கணக்கில் வாதாடி, 1607-ல் போப் ஐந்தாம் பவுல் தீர்ப்பே சொல்லாமல் அனுப்பிவிட்டார். நெதர்லாந்தில் சீர்திருத்த சபையார் கூடிய டார்ட் சங்கம், மனிதனின் சுயாதீனத்துக்கு இடம் கொடுத்த அர்மீனியஸின் சீடர்களுக்கு எதிராக 1618-19-ல் தீர்ப்பே சொன்னது. வாக்குவாதம் மட்டும் நிற்கவில்லை. யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிக்கிறார் என்ற முன்குறித்தலைப் பற்றி, இங்கிலாந்துப் பிரசங்கிகளான வெஸ்லியும் விட்ஃபீல்டும் பகிரங்கமாக முட்டிக்கொண்டார்கள். 1770-ல் விட்ஃபீல்டு இறந்தபோது நினைவுப் பிரசங்கம் செய்தவர் அதே வெஸ்லி. எனக்கு இந்தச் சண்டைக்காரர்கள்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

"யாருக்குமே தகுதி இல்லை, யாரை இரட்சித்தாலும் அது இரக்கம்தான்" என்ற பதில் உனக்குப் போதவில்லை என்றாய். எனக்கும் போதாது. எல்லாரும் ஒரே மாதிரி தகுதியில்லாதவர்கள் என்றால், ஏன் சிலரை மட்டும்? இயேசு சொன்ன திராட்சத்தோட்ட உவமையில், கடைசியில் வந்தவனுக்கும் அதே கூலியா என்று முழுநாள் உழைத்தவன் முணுமுணுத்ததைத்தான் எல்லாரும் பிரசங்கிக்கிறார்கள். நான் பார்ப்பது பதினோராம் மணி வரை, அதாவது பொழுது சாயும் வரை, சும்மா நின்றவர்களை. "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். அவர்களைத் தேடி எஜமான் மறுபடி மறுபடி வெளியே வருகிறார். இறையாண்மை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது அந்த எஜமான்தான், கதவைச் சாத்துகிற ராஜா இல்லை.

ஒன்று செய். ரோமர் 9, 10, 11 மூன்றையும் ஒரே மூச்சில் வாசி. 9-ம் அதிகாரம் ஆரம்பிப்பதே பவுல் தன் ஜனத்துக்காகப் படும் துக்கத்தில்தான். 11-ல், எல்லார்மேலும் இரக்கமாயிருக்கத்தக்கதாகவே எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள் அடைத்தார் என்று வந்து நிற்கிறது. அந்த 'எல்லார்' யூதரும் புறஜாதியாரும் என்ற இரண்டு கூட்டம் மட்டுமே என்கிறார் உன் அப்பா. நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே நம்புகிறேன். வாசித்துவிட்டுக் கூப்பிடு, நீ யார் பக்கம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா